அக்காவிடம் சொல்லாதே

உகாண்டாவில் என் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் பதறக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது. நம் ஊரில் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் போன் செய்கிறது என்றால் பிள்ளை தன் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அடுத்தவன் மண்டையை உடைத்திருக்க வேண்டும். இங்கே அப்படியில்லை. பிரவீன் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான் சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அழைப்பு வந்தது. போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தோட்டக் கிளப்பில் அவன் நட்ட தக்காளிச் செடியில் முதல் பழம் பழுத்திருக்கிறதாம். அதைப் பறிக்கும்போது அப்பாவும் கூட இருந்தால் பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பறித்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். ஆலையில் அரவை நடந்துகொண்டிருக்கிற நேரம் அது. வாயில் வந்த கடலூர் வசவைச் சிரித்துக்கொண்டே விழுங்கினேன்.

அதனால் 2010 மார்ச்சில் ஒரு நாள், ‘பிரவீனின் நீச்சலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், நீங்களும் உங்கள் மனைவியும் வர முடியுமா?’ என்று கேட்டபோது நான் பதறவில்லை. மெடல் கிடல் வாங்கியிருப்பான், கை தட்டக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். செல்வி நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு தேறும் என்று சோதித்துச் சொல்வது என் பிழைப்பு. நெல்லிக்குப்பத்திலும் அதைத்தான் செய்தேன், கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டு. 2007-ல் உகாண்டாவில் ஒரு கரும்புத் தோட்டக் கம்பெனியில் அதே வேலை கிடைத்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளும், பக்கத்து நகரத்தில் இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கிறது, எத்தனை பிள்ளை என்றாலும் சேர்க்கலாம் என்றார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவனைத்தான் அழைத்துவந்தேன். விட்டுவந்த இன்னொருத்தியைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, அழைத்துவந்தவனையும் நான் சரியாக அழைத்துவரவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் நம்மவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மத்தியானத்துக்குமேல் புத்தகத்தையே தொடுவதில்லை. ஒரு கும்பல் மேளம் அடிக்கப் போகும், ஒரு கும்பல் நாடகத்துக்கு, ஒரு கும்பல் தோட்டத்துக்கு, மீதிப்பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்துக்கு. இவையெல்லாம் விருப்பமிருந்தால் செய்கிற காரியங்கள் அல்ல. எதிலாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும். சேர்க்கைக்குப் போனபோது தலைமையாசிரியை தரையில் மண்டியிட்டு, பிரவீனின் உயரத்துக்குக் குனிந்து, ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டார். ஆறு வயதுப் பையன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பதிலாக நான் ‘மேத்ஸ்’ என்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் அவனிடமே கேட்டார். அவன் வெகுநேரம் யோசித்து, ‘தண்ணி’ என்றான். நான் அதை ‘வாட்டர்’ என்று சொல்ல, தாகம் என்று நினைத்து ஒருவர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். மறுவாரம் நீச்சலில் போட்டார்கள்.

எங்களைக் கூப்பிட்டிருந்தவர் மிஸ் நகாட்டோ, உகாண்டாக்காரப் பெண். பாடம் எதுவும் நடத்துவதில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று பார்ப்பதே அவர் வேலை. ‘வெல்பீயிங் டீச்சர்’ என்பார்கள். நம் ஊரில் பிள்ளை வாந்தி எடுத்தால் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவதோடு வெல்பீயிங் முடிந்துவிடும். அவர் மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நீச்சல் போட்டிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். குளத்தின் ஓரத்தைப் பிடித்தபடி பிள்ளைகள் இளித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மகனைத் தேடினேன். செல்வியும் தேடினாள். எந்தப் படத்திலும் அவன் இல்லை.

“கேமரா வந்தால் தண்ணீருக்குள் போய்விடுகிறான்,” என்றார் மிஸ் நகாட்டோ. “எடுத்து முடித்து நகரும்வரை மேலே வருவதில்லை. மூச்சு அடக்குவதில் இந்தப் பள்ளியில் அவனை மிஞ்ச ஆளில்லை. குழுப் படம் எடுத்தால் முதுகைக் காட்டி நிற்கிறான். ஏன் என்று கேட்டோம். அப்பா சொல்லியிருக்கிறார் என்கிறான்.” கொஞ்சம் தயங்கி, குரலைத் தணித்துக் கேட்டார். “யாரிடமிருந்தாவது பிள்ளையை மறைத்து வைத்திருக்கிறீர்களா?”

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. எங்கள் பாஸ்போர்ட், வேலை பெர்மிட் எல்லாம் சரியாக இருக்கிறது, வேண்டுமானால் இப்போதே வீட்டுக்குப் போய் எடுத்துவந்து காட்டுகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். அவர் கேட்டது அதுவல்ல என்று செல்விக்குப் புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். “ஏங்க, சரண்யா,” என்றாள்.

சரண்யா எங்கள் மூத்தவள். நாங்கள் கிளம்பியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். இந்த இடத்தில் ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை தமிழ்நாட்டில் படித்தால் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சிக்கலில்லை, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால் எந்த மூலையில் நிறுத்துவார்களோ தெரியாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆலையில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், வழியனுப்ப வந்த இடத்திலும் சொன்னார்கள். இங்கே இருக்கும் நம்மவர்களில் பாதிப்பேர் மூத்த பிள்ளையை எங்காவது ஒரு ஹாஸ்டலில் போட்டுவிட்டு வந்தவர்கள்தான். பொங்கலுக்குக் கூடினால் கரும்பைக் கடித்துக்கொண்டே கட்-ஆஃப் பேசுவோம். நான் கொஞ்சம் மேல் என்று எனக்கு நினைப்பு. ஹாஸ்டலில் போடவில்லை; சிதம்பரத்தில் செல்வியின் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். “நீங்க கவலப்படாம போங்க தம்பி, நம்ம வூட்டுப் புள்ள,” என்று அவர் சொன்னார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

கடலூரில் சரண்யா வளையப் பந்து விளையாடுவாள். நடுவில் வலை கட்டி, ரப்பர் வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிப் பிடிக்கிற ஆட்டம். பள்ளிக்கூட டீமில் இருந்தாள். வளையம் கீழே விழுமுன் எப்படித்தான் அங்கே போய் நிற்பாளோ தெரியாது. சிதம்பரத்தில் அவளுக்குப் பள்ளிக்கூடம் தேடியபோது நான் மைதானம் இல்லாத பள்ளியாகப் பார்த்துச் சேர்த்தேன். தெரியாமல் செய்யவில்லை, தேடித்தான் செய்தேன். கிரவுண்டு இல்லாத ஸ்கூல்லதான் ரிசல்ட் நல்லா வரும் என்று சகலையிடம் பெருமையாகப் பேசியதும் நினைவிருக்கிறது. அதே மாதம்தான் தம்பியை நீச்சல் குளம் உள்ள பள்ளியில் சேர்த்தேன். இரண்டையும் செய்தது ஒரே ஆள்.

முதல் சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் பிரவீன் கொட்டித் தீர்ப்பான். அக்கா, இங்க ஸ்கூல்ல நீச்சல் கொளம் இருக்கு. அக்கா, ஹோம்வொர்க்கே கெடையாது. அக்கா, நான் நாடகத்துல மரம். ஒரு வாரம் செல்வியின் அக்கா ரகசியக் குரலில் சொன்னார். “உங்க போன் வந்தாலே இவ சாப்புட மாட்டேங்கறா தம்பி. கதவ சாத்திக்கினு படுத்துக்கறா.” அன்று மாலை பிரவீனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். அக்கா பன்னெண்டாவது முடிக்கற வரைக்கும் நீச்சல், நாடகம் எதையும் அவகிட்ட சொல்லாத. அவ பாவம், ஏங்கிப் போயிடுவா. அப்போ என்னாப்பா பேசறது என்று கேட்டான். படிக்கறேன்னு சொல்லு, மழ பெய்யுதுன்னு சொல்லு என்றேன். உகாண்டாவில் மழைக்குக் குறைவில்லை. அதிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மழை மட்டும்தான் பெய்தது. அக்காவுக்கு இதமாக இருக்கட்டும் என்று நான் செய்த ஏற்பாடு அது. நல்ல தகப்பன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மிஸ் நகாட்டோவிடம் இதையெல்லாம் என் ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. மூத்த மகள் இந்தியாவில் இருக்கிறாள் என்றேன். ஏன் இங்கே வரவில்லை என்று கேட்டார். “அவளுக்குக் கவுன்சலிங் இருக்கிறது,” என்றேன். அவர் முகம் தெளிந்தது. “நல்லது, மிகவும் நல்லது. அங்கே அந்த வசதி இருக்கிறதா? வாரத்துக்கு எத்தனை முறை?” நான் சீட்டுக்காக நடக்கும் கவுன்சலிங்கைச் சொன்னேன்; அவர் மனசுக்குத் தரும் ஆறுதலை நினைத்துக்கொண்டார். எனக்கு அது விளங்கிய பிறகும் நான் திருத்தவில்லை. என் மகளுடன் உட்கார்ந்து வாரா வாரம் யாரோ ஒருவர் பரிவாகப் பேசுகிறார் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை கேட்க நன்றாக இருந்ததால் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வண்டியில் திரும்பும் வழியில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. பின்சீட்டில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த பிரவீனிடம் கடைசியில் நானே கேட்டேன். “போட்டோவுல நிக்கக் கூடாதுன்னு நான் எப்படா சொன்னேன்?”

“நீதானப்பா சொன்ன, அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு. போட்டோவ நெட்டுல போடுவாங்க. அக்கா நெட்டு பாப்பால்ல?”

ஒன்பது வயது. நான் சொல்லாமல் விட்டதையும் யோசித்து, நான் போட்ட விதியின் ஓட்டையைத் தானே அடைத்து வைத்திருக்கிறான். அம்மா முன்னால் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்துவதைப் பார்த்து, “நான் நல்லா மூச்சுப் புடிப்பேம்மா, ஒண்ணும் ஆவாது,” என்று ஆறுதல் வேறு சொன்னான். சந்தோஷம் என்பது ஒளிந்துகொண்டு செய்ய வேண்டிய காரியம் என்று என் பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அன்று முழுக்க எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மே மாதம் ஆலையைப் பழுது பார்க்க நிறுத்தியதும் மூன்று பேரும் ஊருக்குப் போனோம். சென்னையிலிருந்து சிதம்பரம் பஸ் ஏறி, கடலூர் தாண்டும்போது பிரவீன் ஜன்னலோரத்தில் தூங்கிப்போயிருந்தான். அவன் பிறந்த ஊர் அவனைத் தாண்டிப் போனது. எழுப்பலாமா என்று நினைத்தேன், எழுப்பவில்லை. கோடை விடுமுறைதானே, சரண்யா வீட்டில் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டு போனால், பிளஸ் டூவுக்கு ஏது விடுமுறை? பாடத்தைப் பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் கணக்கு டியூஷன், அப்படியே பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் கெமிஸ்ட்ரி. நாங்கள் போய் இறங்கியபோது வீட்டில் அவள் இல்லை. வந்ததும் தம்பியைக் கட்டிக்கொண்டாள். உயரமாகியிருந்தாள். முதுகு லேசாகக் கூன் விழுந்திருந்தது. சோறு பிசையும்போதும் இடது கை விரல்கள் தொடையின்மேல் எதையோ எழுதிக்கொண்டே இருந்தன. என்னவென்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லப்பா, ஈக்குவேஷன் என்றாள்.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனேன். முதல்வர் அறையில் சென்டம் வாங்கியவர்களின் படங்கள் சுவரை மறைத்துக்கொண்டிருந்தன. அந்தப் படங்களில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் பாஸ்போர்ட் சைஸ். “உங்க பொண்ணு நல்லா வருவா சார். எங்க ஸ்கூல்ல பசங்க மனசு அங்க இங்க அலையாது,” என்றார் முதல்வர். விளையாட்டு பீரியட் உண்டா என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். “டைம் டேபிள்ல இருக்கு சார். அத மேத்ஸுக்குக் குடுத்துட்டோம். பேரன்ட்ஸ்தான சார் கேக்கறாங்க? நீங்ககூட சேக்கும்போது கிரவுண்டு இல்லல்லன்னு ரெண்டு தடவ கேட்டுக்கிட்டீங்களே.” அவருக்கு ஞாபகம் இருந்தது. வராண்டாவில் பி.டி. மாஸ்டர் கழுத்தில் விசில் தொங்க ஸ்டடி ஹவரை மேய்த்துக்கொண்டிருந்தார். யாராவது நிமிர்ந்தால் விசிலை ஊதினார். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் என் மகள் எவள் என்று எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே ரெட்டைப் பின்னல், ஒரே குனிந்த தலை.

அன்று மாலை கெமிஸ்ட்ரிக்குக் கிளம்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். சரண்யா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். பிரவீன் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

“டேய், இப்ப நீச்சல்ல என்னா ஸ்ட்ரோக் சொல்லிக் குடுக்கறாங்க?” என்று கேட்டாள்.

பிரவீன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, “அங்க மழ பெய்யுதுக்கா,” என்றான்.

“நடிக்காதடா. உங்க ஸ்கூல் வெப்சைட்ட நான் எவ்ளோ நாளா பாக்கறேன் தெரியுமா? பெரியம்மாகிட்ட ப்ராஜெக்ட்டுன்னு சொல்லிட்டு மேல வீதி பிரவுசிங் சென்டருக்குப் போவேன். நீச்சல், நாடகம், மேளம் எல்லாம் பாத்துட்டேன். புதுசு புதுசா போட்டுக்கிட்டே இருக்காங்க. எதுலயும் நீ இல்ல.” அவள் குரல் இறங்கியது. என் பக்கம் திரும்பினாள். “அப்பா, உண்மையச் சொல்லுங்க. இவன அங்க யாரும் சேத்துக்கறதில்லையா? எல்லாப் பசங்களும் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. இவன் மட்டும் எங்கயுமே இல்ல. கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். கேட்டா நீங்களும் அம்மாவும் கஷ்டப்படுவீங்கன்னு கேக்கல.”

என் கையில் இருந்த துணியை மடிக்கத் தெரியாமல் நின்றேன்.

“எனக்காவது பெரியம்மா இருக்காங்க, அவன் அங்க ஒண்டியா நிக்கறானேன்னு நெனச்சுப்பேன். அதனாலதான் போன்ல நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். நானும் அழுதா அவன் என்னா செய்வான்?”

பிரவீனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து நின்று கத்தினான். “நான் இருக்கேங்க்கா! தண்ணிக்குள்ள இருக்கேன்! ஓரத்துல எல்லாரும் நிக்கற போட்டோவுல கீழ பாரு, முட்ட முட்டயா கொமிழி வரும். அது நான்தான்!”

சரண்யாவுக்கு முதலில் புரியவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். அப்பா மடியில் உட்கார வைத்துச் சொன்னதிலிருந்து, வண்டியில் அம்மா மூக்கைச் சிந்தியதுவரை, மூச்சு விடாமல் சொன்னான். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே, “எவ்ளோ நேரம்டா மூச்சுப் புடிப்ப?” என்று மட்டும் கேட்டாள்.

அவள் டியூஷனுக்குக் கிளம்பியபோது நானும் கூட நடந்தேன். கீழ வீதி முனையில் கூட்டத்தில் ஒதுங்கி நின்று, அவளிடம் சொல்லிவிட்டேன். “வாம்மா, போயிடலாம். சீட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். அங்கயே சேத்துடறேன். நீயும் விளையாடலாம், என்னா வேணுமோ செய்யலாம்.” இதைச் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நானே நம்பினேன்.

அவள் சைக்கிள்காரர் ஒருவருக்கு வழிவிட்டு நின்றாள். “அங்க சேக்கறப்ப, உனக்கு என்னா புடிக்கும்னு கேப்பாங்களாமேப்பா? பிரவீன் சொன்னான்.”

“ஆமா. அதுக்கு என்னா?”

“எனக்கு என்னா புடிக்கும்னே இப்ப தெரியலப்பா. யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் வர்ல.” கோபமாகச் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரியில் ஒரு விடை தெரியவில்லை என்பதைப் போலச் சொன்னாள். “இன்னும் ஒரு வருஷந்தான இருக்கு. முடிச்சிட்டே போறேன். இப்ப உட்டுட்டு வந்தா இவ்ளோ நாள் இருந்ததும் வீணாயிடும்.” டியூஷன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, மற்றச் செருப்புகளோடு ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பஸ் ஸ்டாண்டுவரை வெறுமனே நடந்து போய்விட்டுத் திரும்பினேன்.

எந்தப் பிள்ளைக்கு அதிகக் கேடு செய்தேன் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருத்திக்கு ஆசையே மறந்துபோய்விட்டது. ஒருவன் ஆசைப்பட்டது கிடைத்தும் தண்ணீருக்கு அடியில் வைத்திருந்தான். ஊரில் இருப்பவர்கள், பிள்ளைகள் நல்லா இருக்கணும்னுதானே செஞ்சே என்பார்கள். ஆமாம், அப்படித்தான் செய்தேன். அதைச் சொல்லிச் சொல்லியே என் குற்றத்தைக் கரைக்கப் பார்க்கிறேன், கரையவில்லை.

செல்வி அதிகம் பேசுகிறவள் இல்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பெட்டி கட்டும்போது, தன் புடவைகளை மட்டும் எடுத்து அக்கா வீட்டு அலமாரியில் திரும்ப அடுக்கினாள். “அவ முடிக்கற வரைக்கும் நான் இங்க இருக்கேன். பிரவீன நீங்க பாத்துக்குங்க. அவன ஒளிய உடாதீங்க,” என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. அவளுக்கும் சரண்யாவுக்கும் பக்கத்துத் தெருவிலேயே மாடிவீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் அம்மாவும் மகளும் கீழே நிற்க, நாங்கள் இரண்டு பேரும் மேலே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். பிரவீன் என் கையை விடவில்லை. அவன் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீ அழலாம்டா என்று சொன்னேன். பண்ருட்டி வரும்வரை அழுதான்.

உகாண்டா திரும்பியதும் மிஸ் நகாட்டோவைப் பார்த்து, அந்தக் கவுன்சலிங் வேறு என்று சொல்லிவிட்டேன். அவர் இப்போது மகளுடன் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவள் அம்மா என்றேன். அப்படியானால் சரி என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சமையல் எனக்குச் சுமாராகத்தான் வரும். பிரவீன் குறை சொல்லாமல் சாப்பிடுகிறான், அதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. உண்மையைச் சொல்லு, நல்லா இல்லதான என்று கேட்கிறேன். இப்போதெல்லாம், ஆமாம்ப்பா, உப்பே இல்ல என்று சொல்லப் பழகியிருக்கிறான். எனக்கு அது மெடல் வாங்கின மாதிரி.

போன வாரமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். அங்கே மத்தியானம். பிரவீன் தான் பட்டர்ஃப்ளை ஸ்ட்ரோக்கில் தண்ணீர் குடித்துவிட்ட கதையைச் சொன்னான். சரண்யா சிரித்தாள். பிறகு சற்று நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

“டேய்,” என்றாள் அவள். “தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்து பாத்தா எப்பிடிடா இருக்கும்?”

அவள் இப்படி எதையாவது கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. பரீட்சைக்கு உதவாத ஒரு கேள்வி. பிரவீன் நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்து, போனுக்குக் கிட்டே வாயை வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். முதல்ல கண்ணு எரியும்க்கா, அப்பறம் எரியாது. எல்லாரோட காலு மட்டும் தெரியும். மேல பேசறது கேக்கும், ஆனா என்னா பேசறாங்கன்னு தெரியாது. வெயிலு கட்டம் கட்டமா தரையில ஆடும்.

“சரண்யா, ஒரு மணிக்கு ஃபிசிக்ஸ் டெஸ்ட்டு. சோறு ஆயிடும், வந்து சாப்ட்டுக் கெளம்பு,” என்று செல்வியின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

“இரும்மா, அவன் சொல்லி முடிக்கட்டும்,” என்றாள் சரண்யா.

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் இன்னும், இன்னும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருந்தேன். குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது. மூன்றாவது விசிலுக்கு நான் எழுந்து, சத்தம் போடாமல் சமையலறைக்குப் போய், அடுப்பை அணைக்கத் திருகில் கை வைத்தேன். அடுப்பு எரியவில்லை. அதன்மேல் குக்கரும் இல்லை. சோறு சிதம்பரத்தில் வெந்துகொண்டிருந்தது.